படிக்குள் விட்ட விரல்

இரவு பத்தரை மணி இருக்கும். தூத்துக்குடியிலிருந்து பக்கத்துப் புதுக்கோட்டைக் கிராமத்துக்குப் போகிற திருநெல்வேலி ரோடு. கோரம்பள்ளம் குளத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் காலத்தில் ஒரு விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் முள் அடர்ந்த உடைமரம். நடுவில் ஒற்றை ஆள், தலையில் அரிசி மூட்டையோடு நடந்து போகிறான். அவனுக்குப் பத்தடி பின்னால்... யாரோ அரிசி அளக்கிற சத்தம்.

அதை அப்புறம் சொல்லுகிறேன். முதலில் நீங்கள் என்மேல் சொன்ன குறைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். விடிந்தால் இந்த வீட்டில் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் செல்வதுரை வந்து, "அண்ணாச்சி, நீங்க பெரிய பலசரக்குக் கடையில நின்ன ஆளு. சமையலுக்கு நீங்களே அரிசிய அளந்து குடுங்க" என்று படியை நீட்டினான். நான் வாங்கவில்லை. எல்லாருக்கும் முகம் சுண்டிவிட்டது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அப்பா. பூசணிக்காய் நறுக்கச் சொன்னீர்கள், நறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். தேங்காய் துருவச் சொன்னாலும் துருவுவேன். அரிசி மட்டும் அளக்க மாட்டேன். ஆறு வருஷமாக அளந்ததில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். சொல்லுகிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், உரக்கச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

இது எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி தாணுலிங்கத்தின் அக்காள் புருஷனுக்கு நடந்தது. பெயர் பிச்சையா. நாங்கள் மூன்று பேரும் ஒரே கடையில் வேலை பார்த்தோம்.

கடை காட்டன் ரோட்டில் இருந்தது. முதலாளி மந்திரமூர்த்தி அண்ணாச்சி. வாசலில் கால் வைத்தவுடனே மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறும். உள்ளே போகப் போகக் கருப்பட்டி வாசனை, அதற்கும் உள்ளே புளி. பத்து வருஷம் அந்த வாசனைக்குள் கிடந்தேன். இன்றைக்கும் மழை பெய்தால் என் மேலிருந்து பெருங்காயம் வீசுகிறது என்று என் பெண்டாட்டி சொல்லுவாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவுப் பலகைகளைக் கழற்றி வைப்போம். இரவு ஒன்பது மணிக்குத் திரும்ப மாட்டுவோம். இடையில் உட்காருவது என்பதே கிடையாது. உட்கார்ந்தால் முதலாளி வைய மாட்டார். கல்லாவில் இருந்தபடியே லேசாக இருமுவார், அவ்வளவுதான். அந்த இருமலுக்கு எழுந்து எழுந்து நின்ற கால்கள்தான் இவை. பாருங்கள், வீக்கம் இன்னும் வற்றவில்லை.

சாப்பாடு கடையில். படுக்கை மாடியில், மிளகாய் மூட்டைகளுக்கு இடையில். இரவெல்லாம் தும்மல். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, சனிக்கிழமை கடை கட்டிய பிறகு ஊருக்குப் போகலாம். திங்கட்கிழமை பலகை கழற்றுவதற்குள் வந்துவிட வேண்டும். தாணுலிங்கம் எண்ணெய் விற்பான். நான் சாமான்களைக் காகிதத்தில் பொட்டலம் மடிப்பேன். பிச்சையா அரிசி அளப்பான்.

அரிசி அளப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அரிசிக் குவியலுக்கு முன்னால் நாள் முழுக்கக் குத்தவைத்திருக்க வேண்டும். இரும்புப் படியைக் குவியலுக்குள் செலுத்தி, தூக்கி, இடது கையால் படியின் தலையைச் சமமாக வழித்து, பையில் கொட்ட வேண்டும். வாய் எண்ண வேண்டும். முதல் படியை ஒன்று என்று எங்கள் கடைக்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லித்தான் தொடங்குவோம். லாபம், ரெண்டு, மூணு... பிச்சையா அதை ராகம் போட்டு இழுப்பான். சர்ர்ர்... தட். லாபம். சர்ர்ர்... தட். ரெண்டு. சாயங்காலம் ஆக ஆக ராகம் தேய்ந்து வெறும் மூச்சாகிவிடும்.

அப்புறம் யுத்தம் வந்தது. ரங்கூன் அரிசி நின்றுபோனது. நாற்பத்து மூன்றாம் வருஷம், ஆளுக்கு இரண்டு படிக்கு மேல் அரிசி கிடையாது. அந்த இரண்டு படிக்காக விடியும் முன்பே கடை வாசலில் கூட்டம் நிற்கும். அப்போதுதான் ஒருநாள் முதலாளி பிச்சையாவைக் குடோனுக்குள் கூப்பிட்டார். நான் அங்கே கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே பிச்சையா, படியப் பிடிக்கும்போது கட்டவெரல எங்கன வச்சுப் பிடிக்க?"

"வெளியிலதான் அண்ணாச்சி."

"உள்ள விட்டுப் பிடி. கை வலிக்காது."

மேலே பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்படி அளந்தா ஒரு சாக்குக்கு ஏதோ கொஞ்சம் மிஞ்சி நிக்கும். அதுல கால்வாசி ஒனக்கு. பிள்ளகுட்டிக்காரன், வீட்டுக்குக் கொண்டுபோ" என்றார்.

ஒரு கட்டைவிரல் படிக்குள் எவ்வளவு இடத்தை அடைக்கும்? ஒரு பிடி அரிசிகூட இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று ஒரு வாய் மெல்லுகிற அளவு. அதை ஒவ்வொரு படியிலும், ஒவ்வொரு பையிலும் பிடித்தால்... பதினைந்து நாளில் பிச்சையாவின் பங்கு ஏழு படி வந்தது. எனக்கும் தாணுலிங்கத்துக்கும் ஆளுக்கு ஒரு படி கொடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான். நான் வாங்கிக்கொண்டேன். அதையும் மறைக்கவில்லை.

பிச்சையா கெட்டவன் இல்லை. புதுக்கோட்டையில் அவன் பெண்டாட்டி செல்லக்கனியும் மூன்று வயசு மகள் சீனித்தாயும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குச் சத்து இல்லாமல் கால் ஊன்றவில்லை, பிருஷ்டத்தால் நகர்ந்துதான் போகும். இந்த ஏழு படி போக ஆரம்பித்த பிறகுதான் சுவரைப் பிடித்து எழுந்து நின்றது. அந்த அரிசி நின்றால் அந்தப் பிள்ளை நிற்காது. அவனுக்கு அது ஒன்றுதான் கணக்கு.

கடைக்கு வருகிறவர்களில் தங்கத்தாய் என்று ஒருத்தி. முத்தையாபுரத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை. புருஷன் கொழும்புக்குப் போனவன், மூன்று வருஷமாக ஒரு கடிதாசி இல்லை. இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கியவுடன் நேரே எங்களிடம் வருவாள். பாதமெல்லாம் உப்பு தின்று வெடித்திருக்கும். அவள் நின்று போன இடத்தில் இரண்டு வெள்ளைத் தடம் கிடக்கும், நான்தான் சாக்கைப் போட்டுத் துடைப்பேன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள்.

அவள்தான் ஒரு சனிக்கிழமை, அத்தனை கூட்டத்துக்கும் நடுவில், பிச்சையாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, வெரல வெளியில எடுத்துட்டு அளங்க."

நான் மடித்த பொட்டலத்தையே திரும்பப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏளா, இருவது வருசமா அளக்கிறவனுக்கு நீ அளக்கச் சொல்லித் தாரியா? வேண்டாம்னா பையக் கவுத்திட்டுப் போ. பின்னால ஆளு நிக்கு."

அவள் முதலாளி பக்கமே திரும்பவில்லை. பிச்சையாவின் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுல என் படியில அளந்து பாத்தேன் அண்ணாச்சி. ரெண்டு படி இல்ல. பிள்ளைகளுக்குத்தான் கேக்கேன். மொதல்லருந்து அளங்க."

பிச்சையா பையைக் கவிழ்த்துவிட்டு மறுபடி அளந்தான். விரலை உள்ளே விட்டேதான் அளந்தான். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தாரே, வேறு என்ன செய்வான்? அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் ஐந்தாறு வாரம் வந்தாள். அந்தத் தெருவில் அரிசி இருந்த கடை எங்களுடையது ஒன்றுதான். வருவாள், விரலைப் பார்ப்பாள், போவாள்.

ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு அவள் தங்கச்சி வந்தாள், வேம்பாரிலிருந்து.

"அக்கா போயிட்டா அண்ணாச்சி. ரெண்டு நாள் காய்ச்சல்தான். ஒடம்புல என்ன இருக்கு தாங்குறதுக்கு? அரிசியெல்லாம் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டுட்டு, இவ வடிச்ச தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கா. பிள்ளைகள நான் கூட்டிட்டுப் போறேன். வழிக்கு ஒரு படி அரிசி தாங்க."

பிச்சையா படியைக் குவியலுக்குள் செலுத்தினான். தூக்கினான். வழித்தான். "லாபம்" என்றான். பையில் கொட்டும்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. அவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்... விரல் உள்ளே இருந்தது. அவன் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தங்கச்சிக்காரி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இனிமேல்தான் அந்த ரோடு.

அன்றைக்கே பிச்சையா ஊருக்குப் போகிற முறை. கடை கட்டியவுடன் ஏழு படி அரிசியை வேட்டியில் முடிந்து தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். மூன்று மணி நேர நடை. யுத்தத்துக்குப் பயந்து ஊரில் விளக்கையெல்லாம் கருப்புக் காகிதம் சுற்றி வைத்திருந்த காலம், நிலாவும் இல்லை. குளத்தைத் தாண்டுகிற வரைக்கும் ஒன்றுமில்லை. உடைமரக் காட்டுக்குள் ரோடு நுழைந்ததும் முதலில் ஒரு நாற்றம் வந்திருக்கிறது. உப்பளச் சகதி நாற்றம். அந்தப் பக்கம் உப்பளமே கிடையாது.

பிறகு சத்தம். சர்ர்ர்... தட்.

நின்றான். சத்தமும் நின்றது. நடந்தான். சர்ர்ர்... தட். அரிசி படியில் விழுகிறது, கை வழிக்கிறது. இருபது வருஷம் கேட்ட சத்தம், அவனுக்கா தெரியாது? ஆனால் எண்ணுகிற குரல் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு 'தட்'டுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். இவன் எண்ணட்டும் என்று காத்திருக்கிற மாதிரி... இவன் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.

செல்லக்கனி மூட்டையை அவிழ்த்து வீட்டுப் படியில் அளந்தாள்.

"ஏழுன்னிய. ஆறுதானே வருது?"

"சரியாப் பாத்து அள."

"நீங்களே அளந்து பாருங்க."

அளந்தான். ஆறுதான். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது, துணியில் ஊசி நுழைகிற ஓட்டைகூட இல்லை. அடுத்த முறை ஐந்து. அதற்கும் அடுத்த முறை நான்கு. கடையில் ஏழு, வீட்டில் நான்கு. அந்தப் பிள்ளை மறுபடி நகர ஆரம்பித்துவிட்டது.

செல்லக்கனி என்ன நினைப்பாள்? நீங்கள் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள். தம்பி தாணுலிங்கத்துக்குச் சொல்லி அனுப்பினாள், "ஒங்க அத்தான் வழியில எவ வீட்டுலயோ அரிசிய எறக்கிட்டு வாராரு, என்னன்னு கேளு" என்று. செல்வதுரை, சிரிக்காதே. தாணுலிங்கம் சிரிக்கவில்லை. அன்று இரவு மாடியில் பிச்சையாவின் சட்டையைப் பிடித்துவிட்டான். அப்போதுதான் பிச்சையா எங்கள் இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னான். மிளகாய் மூட்டையில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"நான் வெளியில எடுக்கத்தான் நெனச்சேன் மாப்ள. அன்னைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு அளக்கும்போது சத்தியமா வெளியில எடுக்கத்தான் நெனச்சேன். அதுவா உள்ள போச்சு."

"நாளையிலருந்து எடுத்துருங்க அத்தான். வேண்டாம் இந்த அரிசி" என்றான் தாணுலிங்கம்.

"எடுத்துட்டா சீனித்தாய்க்கு என்ன குடுப்ப?"

விரலை வெளியே எடுத்தால் வீட்டுக்கு அரிசி கிடையாது. உள்ளே விட்டால் அரிசி வீடு போய்ச் சேராது. நாங்கள் மூன்று பேரும் அப்படியே தூங்கிப்போனோம். பகலெல்லாம் நின்ற உடம்பு, பேயாவது பிசாசாவது, படுத்தால் தூக்கம்தான்.

ஆனாலும் மறுநாள் பிச்சையா விரலை வெளியே வைத்துப் பார்த்தான். முடியவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்லுகிறேன். படியை எடுக்கும்போது வெளியே இருக்கும். குவியலுக்குள் இறங்கும்போது உள்ளே போய்விடும். என்னிடம் பொட்டலம் கட்டுகிற நூலை வாங்கி, கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டினான். இரண்டு படி அளந்திருப்பான். நூல் அறுந்து குவியல்மேல் கிடந்தது. விரல் படிக்குள் இருந்தது. கல்லாவிலிருந்து முதலாளி லேசாக இருமினார்.

அந்தச் சனிக்கிழமை தாணுலிங்கமும் கூடப் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் எண்ணெய் டின் ஏற்றிய வண்டி வந்துவிட்டது. இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பிச்சையா தனியாகவே போனான்.

நடந்ததைப் பிறகு அவன் சொன்னபடியே சொல்லுகிறேன். அன்றைக்குப் பின்னால் சத்தம் வரவில்லை. ரோடு வளைகிற இடத்தில், நட்ட நடுவில், ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் அரிசி புடைக்கிற சுளவு ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு படி. இருட்டில் முகம் தெரியவில்லை, பாதம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்ததாம்.

"அளங்க அண்ணாச்சி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லையாம். கடையில் கேட்கிற மாதிரியே கேட்டாளாம். இவன் மூட்டையை இறக்கிவிட்டுக் குத்தவைத்தான். ஓட வேண்டும் என்று தோன்றவில்லையா என்று நான் கேட்டேன். "காலு வலிச்சுதுலே. ஒக்காந்தாப் போதும்னு இருந்துச்சு" என்றான். அளந்தான். வழித்தான். "லாபம்" என்றான். சுளவில் கொட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"கொறையுது. மொதல்லருந்து."

மறுபடி அளந்தான். லாபம். "கொறையுது. மொதல்லருந்து." விரலை வெளியே வைக்க எவ்வளவோ பார்த்திருக்கிறான், அது கேட்கவில்லை. லாபம்... கொறையுது. லாபம்... கொறையுது. அவள் அவசரப்படவும் இல்லை, ஓயவும் இல்லை. இவன்தான் ஓய்ந்துபோனான்.

எண்ணெய் டின்களை இறக்கிவிட்டு நானும் தாணுலிங்கமும் விடியற்காலம் கிளம்பினோம். மனசு கேட்கவில்லை, அதனால்தான் நானும் போனேன். குளத்தைத் தாண்டும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. வளைவில் பிச்சையா இருந்தான். ரோட்டு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். படியும் இல்லை, சுளவும் இல்லை. விரல் நுனியெல்லாம் தேய்ந்து ரத்தம். "லாபம்" என்று சொல்லுவான், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பான், மண்ணைக் கலைப்பான், மறுபடி "லாபம்" என்பான். இரவு முழுக்க அவன் ரெண்டு என்று எண்ணவே இல்லை.

தாணுலிங்கம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. மூட்டை பக்கத்தில் முடிச்சு அவிழாமல் கிடந்தது. வீட்டில் போய்ப் பிரித்தால் ஒன்றரைப் படி.

ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. திங்கட்கிழமை விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு வந்து அளந்தான். வியாழக்கிழமை மத்தியானம் குடோனில் அவன் மட்டும் இருந்தான். தண்ணீர் எடுக்கப் போன நான்தான் முதலில் பார்த்தேன். கருப்பட்டி வெட்டுகிற அரிவாள் கீழே கிடந்தது. வலது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு நிம்மதி. நான் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை.

"கை நழுவிட்டு" என்றான். பிறகு, "இனிமே உள்ள போகாது பாத்துக்க" என்றான்.

தாணுலிங்கம் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்த விரலைக் காகிதத்தில் மடித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தது நான். பத்து வருஷம் பொட்டலம் மடித்த கைக்கு அதை மடிக்கத் தெரியவில்லை. மூன்று தடவை பிரிந்தது.

கட்டுப் போட்டு மாட்டு வண்டியில் அவனை ஊருக்கு அனுப்பிவைத்தோம். முதலாளியும் ஆடித்தான் போனார். சனிக்கிழமை இரவு என்னைக் கூப்பிட்டு, "ஏழு படி அள. தலைய வழிக்காத, கும்பியா அள. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றார். அளந்தது நான். படியை அடியில் ஏந்திப் பிடித்தேன், ஐந்து விரலும் வெளியே இருந்தன. தாணுலிங்கம் எதிரே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏழு படியும் நிறைந்து வழிந்தது.

இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சுமந்து போனோம். குளம் தாண்டியது. உடைமரக் காடு வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நடந்தோம்... காற்று, எங்கள் காலடிச் சத்தம், அவ்வளவுதான். நாற்றமும் இல்லை. வளைவில் யாரும் இல்லை. தாணுலிங்கம் எதற்கோ சிரித்தான், நானும் சிரித்தேன். விரலோடு போய்விட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

புதுக்கோட்டை போகும்போது நடுநிசி தாண்டிவிட்டது. செல்லக்கனி தூங்காமல் இருந்தாள். சாயங்காலத்திலிருந்து உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, போட அரிசி இல்லை. பிள்ளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிச்சையா மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நாங்கள் வந்ததற்குத் திரும்பவில்லை.

மூட்டையை அவிழ்த்தோம். செல்லக்கனி தன் படியால் அள்ளி, கையால் தலையை வழித்தாள். வழித்த கையை எடுக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டாள்.

"தம்பி, இங்க பாரு..."

சிம்னி விளக்கைக் கிட்டே கொண்டுபோனோம். படி நிறைய அரிசி. ஓரத்தில் மட்டும் ஒரு குழி. கட்டைவிரல் தடிமனில், கட்டைவிரல் நீளத்தில், நேரே கீழே இறங்கியிருந்தது. அவள் படியைத் தரையில் தட்டினாள். அரிசி இறங்கியது, குழி மூடவில்லை. மேலே ஒரு பிடி அரிசியைப் போட்டாள். குழியைச் சுற்றி உருண்டு தரையில் விழுந்தது, ஒரு மணிகூட உள்ளே போகவில்லை.

"கொறையுதா?" என்று மூலையிலிருந்து பிச்சையா கேட்டான்.

குழிக்குள் ஒன்றுமில்லை. விளக்கு வெளிச்சத்தில் அதன் அடியில் கிடந்த அரிசி வரை தெரிந்தது. எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ... சுட்டுவிரலை உள்ளே விட்டேன். நுழையவில்லை. என்னவோ தடுத்தது. இளஞ்சூடாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

பிச்சையா கட்டுப் போட்ட கையை வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியேதான் படுத்திருந்தான், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏலே... அழுத்தாத. வலிக்கு" என்றான்.